ரெண்டு தட்டு தட்டினா நிறுத்து

இது நடந்தது. எனக்கே நடந்தது. பேய்க் கதை எழுதுறவன் எல்லாம் இப்படித்தான் ஆரம்பிப்பான்னு எனக்கும் தெரியும். நான் எழுத்தாளன் இல்லை. அஞ்சாவது வரைக்கும் படிச்ச மெக்கானிக். கட்சிக்காரன் பேச்சை நம்பினதில்லை, பேப்பர்ல வர்றதை நம்பினதில்லை, உடுக்கை அடிச்சுக் குறி சொல்றவனை நம்பினதே இல்லை.

ஆனா என் இடது தோள்பட்டையில ஒரு தழும்பு இருக்கு. முன்பக்கம் ரெண்டு கறுப்புக் கோடு, பின்பக்கம் ஒண்ணு. ஒரு டாக்டர் பார்த்துட்டுத் தீக்காயம்னார். இன்னொருத்தர் பிறவியிலேயே வந்த மச்சம்னார். முப்பத்திரண்டு வயசுல வந்தது எப்படிய்யா பிறவி மச்சம் ஆகும்? அதுக்கப்புறம் நான் எந்த டாக்டர்கிட்டயும் சட்டையைக் கழட்டலை.

நடந்தது ராத்திரியும் இல்லை. வெளிச்சம் இருக்கும்போதே நடந்தது.

வண்டியில இருந்து ஆரம்பிக்கிறேன். மெட்ராசுக்கு மேற்கே ரயில் ரோட்டு ஓரமா ஒரு கம்பெனி இருந்தது. பேர் வேணாம். முதலாளியோட வாரிசுங்க அந்த இடத்துக்காக இன்னும் கோர்ட்டுக்கு நடந்துகினு இருக்காங்க. அவங்க போட்ட மோட்டார் சைக்கிளுக்குப் பேர் வேங்கை. ஸ்கூட்டருக்குப் பேர் மைனா.

எங்க மேஸ்திரி ஆதிமூலம் அந்தக் கம்பெனியில வேலை பார்த்துட்டுக் கள்ளக்குறிச்சிக்கு வந்து பட்டறை போட்டவர். அவர் சொல்லித்தான் எனக்கு இதெல்லாம் தெரியும். ஆரம்பத்துல கம்பெனியில எதையும் செய்யவே இல்லையாம். வெளிநாட்டுல இருந்து மரப்பெட்டியில பாகம் பாகமா வரும். பெட்டியை உடைச்சு, பூட்டி, டேங்க்ல இருக்கிற வெள்ளைக்காரன் பேரைச் சுரண்டிட்டுப் புலித்தலையை ஒட்டுவாங்க. நம்ம நாட்டு வண்டின்னு முதலாளி மாலை போட்டுக்குவாரு. அப்புறம்தான் நிஜமாவே இரும்பை வார்த்து எஞ்சின் செஞ்சாங்க. வேங்கை நல்ல வண்டி. மைனா மட்டம். எஞ்சினை ஒரு பக்கமா தொங்க விட்டிருப்பான். கொஞ்சம் அசந்தா வலது பக்கம் இழுத்துக்கினு போகும். அந்த மட்ட வண்டிக்கும் ஜனங்க வருஷக்கணக்கா பதிவு பண்ணிட்டுக் காத்துக்கினு கிடந்தாங்க. கல்யாணத்துக்குப் பேசின ஸ்கூட்டர், பொறந்த புள்ளை பள்ளிக்கூடம் போனப்புறம் வூட்டுக்கு வந்து சேரும்.

அந்தக் கம்பெனியில ஒரு வழக்கம். எந்த வண்டியையும் கேட்டை விட்டு அனுப்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேர் ரோட்டுல ஓட்டிப் பார்க்கணும். முன்னாடி ஓட்டுறவன். பின்னாடி கேட்கிறவன். காத்து இரைச்சல்ல ஓட்டுறவனுக்கு எஞ்சினோட சின்னச் சத்தம் எதுவும் கேட்காது. பின்னாடி இருக்கிறவன் குனிஞ்சு, காதைக் கீழே கொண்டுபோய்க் கேட்பான். கத்திச் சொன்னாலும் காதுல விழாதுங்கறதால தோள்ல தட்டுவான்.

ஒரு தட்டு தட்டினா முறுக்கு. ரெண்டு தட்டு தட்டினா நிறுத்து.

ஏன் எதுக்குன்னு கேட்கக் கூடாது. முக்கியமா, திரும்பிப் பார்க்கக் கூடாது. ஓடுற வண்டியில திரும்பிப் பார்த்தவன் பள்ளத்துலதான் கிடப்பான்.

ஆதிமூலம் மேஸ்திரி பின்னாடி உட்கார்ந்து கேட்கிறவர். அதுக்கு முன்னாடி பிரஸ் மெஷின்ல இருந்தப்போ அவரோட வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் போயிடிச்சு. மிச்சம் மூணு. அந்த மூணு விரலால தட்டுவாரு. முன்னாடி ஓட்டினவர் ஞானப்பிரகாசம்னு ஒருத்தர். சங்கத்துத் தலைவரும் அவர்தான்.

சம்பளத் தகராறு, வேலை நிறுத்தம், கதவடைப்பு. மாசக்கணக்குல போச்சு. அப்புறம் ஒருநாள் சமாதானம் ஆயிடிச்சு, வந்து ஒரு வண்டியை ஓட்டிக் காட்டுங்கன்னு ரெண்டு பேரையும் கூப்பிட்டாங்க. கேட் பக்கத்துல ஒருத்தன் மேஸ்திரி காதுல சொன்னானாம். "வாய்க்கா பாலத்துகிட்ட ஆள் நிக்குது. உனக்கு இல்ல, அவனுக்குத்தான். வாயத் தொறந்த, உனக்கும் சேத்து விழும்."

மேஸ்திரி பின்னாடி ஏறி உட்கார்ந்தாரு. பாலம் வந்தது. கையைத் தூக்கினாரு. தட்டலை.

ஞானப்பிரகாசத்தைத் துண்டு துண்டா வெட்டினானுங்க. மேஸ்திரி ஓரமா விழுந்து கிடந்து அவ்வளவையும் பார்த்தாரு.

குடிச்சா இதை என்கிட்ட சொல்லுவாரு. வலது கையை மூஞ்சிக்கு நேரா நீட்டுவாரு. "இந்தக் கைதான்டா. ரெண்டு தட்டு. தட்டலியே." நான் ஆறுதல் எதுவும் சொன்னதில்லை. செத்தவன் செத்ததுதான்.

அப்புறம் வேற வேற கம்பெனி வண்டி வந்தது. வேங்கையைக் கேட்க ஆள் இல்லை. கம்பெனியை மூடினாங்க. விக்காம கிடந்த வண்டியை எல்லாம் ஏலம் விட்டப்போ மேஸ்திரி போய் ஒரு வேங்கையை ஓட்டிக்கினு வந்தாரு. அதுதான் எங்க பட்டறை வண்டி. நாங்க எந்த வண்டியைச் சரி பண்ணினாலும் சங்கராபுரம் ரோட்டுல ஒரு சுத்து. நான் முன்னாடி, அவர் பின்னாடி. ஒரு தட்டு, முறுக்குவேன். ரெண்டு தட்டு, நிறுத்துவேன். பல வருஷம். அந்தத் தட்டு என் தோளுக்கு மனப்பாடம்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு சாலை மறியல். ஒரு வாரம்.

அதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். எலவனாசூர்கோட்டையில இருந்து கள்ளக்குறிச்சி வரைக்கும் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் இருந்த புளியமரம் பூரா ரோட்டு மேல கிடந்தது. பகல் எல்லாம் கோடாலிச் சத்தம். பஸ் எரிஞ்ச நாத்தம். போலீஸ் வந்தா கல்லு, போலீஸ் போனா கோடாலி. அவங்க கேட்டது நியாயம். ஆனா கூட்டத்துல கோடாலி பிடிச்சவன் எல்லாரும் அதைக் கேட்க வந்தவன் இல்லை.

எங்க ஊர்ல ஒரு செங்கல் சூளைக்காரன். பேர் எழுத மாட்டேன், பேரன் பேத்தி எடுத்த குடும்பம். அவனுக்கும் வீரமுத்துங்கற விவசாயிக்கும் ஒரு கிணத்துத் தகராறு. மரம் வெட்டுற கூட்டத்தோட கூட்டமா வந்து, மரம் சாயற நேரத்துல, அவனும் அவன் ஆள் ஒருத்தனும் சேர்ந்து வீரமுத்துவைக் கழுத்துல வெட்டிட்டானுங்க. கிளை மேல விழுந்து மூடிக்கிச்சு. வெட்டினது காலனிக்காரங்கன்னு அவனே கத்தினான். ஜனம் கொதிச்சது. பொழுது சாஞ்சா காலனியைக் கொளுத்துறதுன்னு பேச்சு.

என் தம்பி ஏழுமலை பார்த்துட்டான். கிளைக்கு அந்தப் பக்கம் நின்னுகினு இருந்தவன். பார்த்தான்னு தெரிஞ்சதும் அவன் வயித்துலயும் சொருகிட்டானுங்க. கரும்புக்குள்ள பூந்து, ஊர்ந்து, எப்படியோ பட்டறைக்கு வந்து விழுந்தான். பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்து, துணியைத் திணிச்சு இறுக்கிக் கட்டிட்டு, "உள்ள குடல் கிழிஞ்சிருக்கு. சேலம் கொண்டு போனா பொழைப்பான்"னாரு.

அவன் பொழைச்சு ஒரு பேரைச் சொன்னா காலனி தப்பும். அவன் செத்தா எல்லாம் எரியும். சூளைக்காரனுக்கும் இது தெரியும்.

"வேங்கைய எடுத்துக்கோ"ன்னாரு மேஸ்திரி.

"ரோடு எங்க மேஸ்திரி இருக்கு? பூரா மரம்."

"ரோட்டுல இன்னாத்துக்குப் போற? கச்சிராயபாளையம் போயி மலை ஏறு. வெள்ளிமலை, கருமந்துறை. அப்படியே சேலத்துல எறங்கு."

"நீயும் வா."

"மூணு பேரு ஏறினா மலை ஏறுமா அது? எவனாவது தேடிக்கினு வந்தா பதில் சொல்ல ஒரு ஆளு வேணுமில்ல. போ."

தம்பியைப் பின்னாடி ஏத்தி, அவன் ரெண்டு கையையும் என்னைச் சுத்திக் கொண்டுவந்து என் வயித்துக்கு முன்னாடி மணிக்கட்டோட சேர்த்துத் துண்டால முடிச்சுப் போட்டாரு மேஸ்திரி. மயக்கம் போட்டாலும் விழாம இருக்க.

"கைதி மாதிரி கட்றியே மேஸ்திரி"ன்னான் தம்பி. சிரிக்கப் பார்த்தான். முடியலை.

"இல்லாங்காட்டி வழியில எறங்கி சினிமாவுக்குப் பூடுவ நீ."

பக்கத்துல ஆப்பக்கடை வச்சிருந்த ரம்ஜான் பீவி ஒரு சோடா பாட்டில்ல தண்ணி கொண்டாந்தாங்க. "வவுத்துல குத்துப்பட்டவனுக்குக் குடிக்கக் குடுத்துடாதப்பா. நாக்க மட்டும் நனை. அல்லா இருக்கான், போ."

மேஸ்திரி என் இடது தோள்ல ஒரு தட்டு தட்டினாரு.

முறுக்கினேன்.

தம்பி கையில வாட்ச் கட்டியிருந்தான். அது என் வயித்துக்கு முன்னாடி இருந்தது. அதனாலதான் எனக்கு நேரம் எல்லாம் ஞாபகம் இருக்கு. கிளம்பறப்போ மூணேகால்.

கச்சிராயபாளையம் ரோட்டுலயும் மரம். முதல் மரத்துகிட்ட ஒரு கும்பல். எல்லாம் இருபது வயசுப் பசங்க. தலையில துண்டு, கையில கோடாலி.

"நிறுத்து. எந்த ஊரு?"

சொன்னேன்.

"யாரு ஊட்டு ஆளு?"

அதையும் சொன்னேன். ரெண்டு பேர் ஒருத்தர் மூஞ்சை ஒருத்தர் பார்த்துட்டுக் கோடாலியை இறக்கினானுங்க. ஒருத்தன் தம்பி சட்டையைப் பார்த்தான். "இன்னாடா இது, ரத்தம் இப்படி ஊத்திக்கினு இருக்குது. காலனிக்காரனுங்க வெட்டினதா?"

"இல்ல."

"அப்ப யாரு?"

தம்பி வாயைத் திறந்தான். நான் கையைப் பின்னாடி கொண்டுபோய் அவன் வாயைப் பொத்தினேன். அந்தக் கும்பல்ல சூளைக்காரனுக்கு மச்சான் எவன், பங்காளி எவன்னு எனக்குத் தெரியாது. "கீழ விழுந்துட்டான்"னேன்.

"விழுந்தவன் மாதிரியா இருக்குது? போ போ. ராத்திரிக்கு அங்க ஒரு குடிசை நிக்காது பாரு."

முடிச்சை அவிழ்த்துத் தம்பியை நான் தூக்கிக்கினேன். வண்டியை அவனுங்க நாலு பேர் பாடை மாதிரி தூக்கி மரத்துக்கு அந்தப் பக்கம் வச்சானுங்க. ஏத்தி மறுபடியும் முடிச்சுப் போட்டேன். அடுத்த மரத்துலயும் இதே கதை. ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் தம்பி சன்னமா முனகினான். வாய் நுரைச்சது.

கோமுகி அணைக்குப் போற ரோடு. காலியா இருந்தது. ஆள் இல்லை, ஆடு இல்லை. ரெண்டு பக்கமும் கருவேலம். குலுங்கினா தம்பி செத்துருவானோன்னு மெதுவாப் போனேன்.

தோள்ல ஒரு தட்டு.

முறுக்கினேன். யோசிக்கவே இல்லை. தட்டினா முறுக்குறது, பழக்கம். தம்பி அவசரப்படுறான், உசுரோட இருக்கான்னு சந்தோஷம் கூட வந்தது. "போறேன்டா, போறேன்"னு சொன்னேன்.

அப்புறம் கீழே பார்த்தேன்.

துண்டு முடிச்சு. அதுக்குள்ள தம்பியோட ரெண்டு கையும். ரத்தம் காஞ்ச விரல் பத்தும் என் வயித்துக்கு முன்னாடி இருந்தது. வாட்ச்ல நாலு இருபது.

தலையால இடிச்சிருப்பான்னு நினைச்சேன். மயக்கத்துல தாடையால தட்டியிருப்பான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கினேன்.

ஆனா தோள்ல ஒரு சில்லிப்பு. துணி நனைஞ்ச மாதிரி. கிரீஸ் வாசனை... நான் காலையில குளிச்சுச் சட்டை மாத்தினவன்.

அணை தெரிஞ்சப்போ வாட்ச்ல அஞ்சு ஆகப் போகுது.

ரெண்டு தட்டு.

நிறுத்திட்டேன். கை தானா பிரேக்கைப் பிடிச்சது. ரோட்டுல ஒண்ணும் இல்லை. நடு ரோட்டுல நின்னுகினு இருக்கேன். திரும்பிப் பார்க்கலாம்னு கழுத்தைத் திருப்பினேன். அந்த நிமிஷம் தோள்ல மூணு விரல் அழுந்திச்சு. வலிச்சது. திரும்பலை. வண்டியை அப்படியே உருட்டிக் கருவேலம் புதருக்குள்ள இறக்கி எஞ்சினை அணைச்சேன்.

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்லை. அப்புறம் வாய்க்கா கரைப் பக்கம் இருந்து ஒரு சத்தம்.

டுர்ர்ர்... டுர்ர்ர்...

மைனா. அந்தச் சத்தத்தைத் தூக்கத்துலயும் சொல்லுவேன். சூளைக்காரன் ஓட்டினான். பின்னாடி அவன் ஆள், மடியில ரெண்டு அருவாளை வச்சுப் பிடிச்சுக்கினு. மரம் கிடக்கிற ரோட்டை விட்டுட்டு வாய்க்கா கரை வழியாவே வந்திருக்கானுங்க. எங்களைத் தாண்டி மலைப்பக்கம் போனானுங்க. ரோட்டுலயே நின்னிருந்தா அங்கேயே ரெண்டு பொணம்.

நான் மலை ஏறுறது அவனுங்களுக்கு எப்படித் தெரியும்? வழி தெரிஞ்சது மேஸ்திரிக்கு மட்டும்தான். மேஸ்திரி வித்துட்டான்னு நினைச்சேன். கெட்ட வார்த்தையில வாய் விட்டே திட்டினேன். எவனையும் நம்பக் கூடாதுன்னு சொல்லிக்கினேன்.

திட்டி முடிக்கலை. தோள்ல மெல்ல ஒரு தட்டு.

என்ன பண்ணுவேன்? திரும்பிப் போனா தம்பி சாவான். மேலே போனா அருவாள். வண்டியை ரோட்டுக்கு ஏத்தினேன். வண்டி கனமா இருந்தது. ரெண்டு ஆள் கனம் இல்லை. மூணு ஆள் கனம். வேங்கையை அத்தனை வருஷம் ஓட்டினவனுக்கு அது தெரியாதா?

மலை ரோடு ஏறினேன். முதல் வளைவு. ரெண்டாவது. மழை ஈரம். மேலே போகப் போகப் பனி இறங்கிச்சு. சாமை வயல் தெரிஞ்சது, அப்புறம் அதுவும் தெரியலை. ரோட்டுக்கு வலது பக்கம் பள்ளம். இடது பக்கம் பாறை. ஹெட்லைட்டைப் போட்டா பனியில பட்டு என் கண்ணையே அடிச்சது. அணைச்சுட்டேன்.

தம்பி பேசலை.

"ஏழுமலை"ன்னேன்.

முழங்கையால பின்னாடி இடிச்சேன்.

"டேய்."

அவன் மூச்சு என் முதுகுல சூடா பட்டது. உசுரு இருக்கு. ஆனா அந்த மூச்சுக்குப் பின்னாடி இன்னொண்ணு இருந்தது. மூச்சு இல்லை. சொட்டுற சத்தம். டொப்... டொப்... சைலன்சர் மேல விழுந்து சுர்ருனு காயற சத்தம்.

தம்பி ரத்தமாத்தான் இருக்கும்.

டொப்... சுர்ர்.

அஞ்சே முக்கால்.

ரெண்டு தட்டு.

நிறுத்தினேன். எஞ்சினை அணைச்சேன்.

பனி. ஒண்ணும் தெரியலை. காது மட்டும்தான். மேஸ்திரி சொல்லிக் குடுத்த மாதிரி தலையைக் கீழே குனிஞ்சேன்.

டிக்... டிக்... டிக்...

சூடான எஞ்சின் ஆறுற சத்தம். என் வண்டி இல்லை. முன்னாடி. ரொம்பப் பக்கம்.

பீடி நாத்தம்.

பாலம். சின்னப் பாலம். அங்க நிக்கிறானுங்க.

தம்பி முனகினான்.

"யாருடா அது?" பனிக்குள்ள இருந்து குரல்.

செருப்புச் சத்தம். ஈர ரோட்டுல. சரக்... சரக்... அருவாள் நுனி தரையில உராயற சத்தம்.

ஒரு தட்டு.

உதைச்சேன். பிடிக்கலை.

சரக்... சரக்...

ஒரு தட்டு. பலமா.

உதைச்சேன். பிடிச்சது. ஒரே முறுக்கு. ஹெட்லைட்டைப் போட்டேன். வெளிச்சத்துல ஒரு மூஞ்சி, தூக்கின அருவாள். நேரா அவன் மேலயே விட்டேன். அவன் பாறைப் பக்கம் தாவினான். அருவாள் வந்தது. விளக்கு உடைஞ்சது. கண்ணாடி என் நெத்தியில ஏறிச்சு. கண்ணுல ரத்தம். நிறுத்தலை. பாலத்தைத் தாண்டிட்டேன்.

பின்னாடி மைனா கிளம்பிச்சு.

டுர்ர்ர்ர்...

கிட்ட வந்தது. ரெண்டு ஆள் கனத்தோட மைனா வேங்கையைப் பிடிக்காது. ஆனா என் வண்டியில மூணு ஆள் கனம். இழுக்கலை. முறுக்கினா அழுவுது, ஏறலை.

டுர்ர்ர்ர்... இன்னும் கிட்ட.

அப்போ என் தோளைப் பிடிச்சது. தட்டலை. பிடிச்சது. முன்னாடி ரெண்டு விரல், பின்னாடி கட்டை விரல். எலும்பு வரைக்கும் எரிஞ்சது. கத்திட்டேன்.

விட்டிச்சு.

வண்டி லேசாச்சு.

சட்டுனு. பின்னாடி இருந்து ஒரு ஆள் இறங்கின மாதிரி.

வேங்கை பாய்ஞ்சது.

பின்னாடி சூளைக்காரன் குரல் கேட்டது. "எதுக்குடா தட்ற?"

அப்புறம் மறுபடியும். "எதுக்குடா..."

மைனா அலறிச்சு. டயர் தேய்ஞ்சது. ரெண்டு குரல். அப்புறம் பாறையில தகரம் மோதற சத்தம். ஒரு தடவை. கொஞ்சம் கீழே இன்னொரு தடவை. இன்னும் கீழே...

நின்னு போச்சு.

நான் திரும்பிப் பார்க்கலை.

வெள்ளிமலையில எவனும் கதவைத் திறக்கலை. கருமந்துறையில மரவள்ளி ஏத்தின ஒரு லாரிக்காரன் ஏத்திக்கினான். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில தம்பியை உள்ளே கொண்டு போனாங்க. கொஞ்சம் கழிச்சு டாக்டர் வெளியே வந்து என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"வர்ற வழியில காயத்தை அழுத்திப் பிடிச்சது யாரு?"

"யாரும் இல்லீங்க. நான் ஓட்டினேன்."

"யாரோ அழுத்திப் பிடிச்சிருக்காங்க. இல்லன்னா இவ்ளோ தூரம் ரத்தம் தாங்கியிருக்காது. கட்டு மேல பூரா கிரீஸ் வேற."

துணியைக் காட்டினார். கறுப்பா மூணு விரல் தடம். நான் என் கையை விரிச்சுப் பார்த்தேன். அஞ்சு இருந்தது.

கிளப்பி விட்ட சூளைக்காரனையே காணாததால அன்னிக்கு ராத்திரி காலனிக்குக் கூட்டம் கிளம்பலை. தம்பி கண்ணு முழிச்சு அதிகாரிங்ககிட்ட அந்தப் பேரைச் சொன்னான். காலனிக்குப் போலீஸ் காவல் போட்டாங்க. ஒரு குடிசையும் எரியலை. சூளைக்காரனைப் பள்ளத்துல இருந்து கயிறு கட்டி எடுத்தாங்க. அவன் ஆள் இடுப்பு ஒடிஞ்சு உசுரோட கிடந்தான். அவன் போலீசுல சொன்னது இது. "மொதலாளி தோள்ல யாரோ தட்டிக்கினே இருந்தாங்க. அவரு நான்தான் தட்றேன்னு திரும்பித் திரும்பிப் பாத்தாரு. நான் ரெண்டு கையிலயும் அருவா வச்சிருந்தேன் சார். எப்படித் தட்டுவேன்? கடைசியா திரும்பினப்ப வண்டி வலது பக்கம் இழுத்துக்கிச்சு."

சரக்கடிச்சுட்டு உளர்றான்னு போலீஸ் எழுதிக்கிச்சு.

மரம் எல்லாம் அறுத்து ரோடு திறந்தப்புறம் கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். நேரா பட்டறைக்குத்தான் போனேன். மேஸ்திரியை ரெண்டுல ஒண்ணு பார்த்துடணும்னுதான் போனேன். வழியை வித்தவன்னு மனசுல கொதிப்பு.

ஷட்டர் சாத்தியிருந்தது. பூட்டு மேல போலீஸ் சீல்.

ரம்ஜான் பீவி அடுப்புகிட்ட உட்கார்ந்திருந்தாங்க. அடுப்பு எரியலை. என்னைப் பார்த்ததும் முந்தானையை வாயில வச்சுக்கினாங்க.

நான் கிளம்பினப்புறம் கொஞ்ச நேரத்துல மைனா வந்து நின்னிருக்கு. ரெண்டு பேர். உள்ளே போய் ஷட்டரை இழுத்து விட்டுட்டானுங்க. அடிக்கிற சத்தம் கேட்டதாம். "எந்த வழிடா போனான்?" மேஸ்திரி வாயைத் திறக்கலை. அப்புறம் வலது கையை, இரும்பை இறுக்கிப் பிடிக்கிற பட்டறை வைஸ்ல வச்சு முறுக்கிப் பூட்டியிருக்கானுங்க. ஒவ்வொரு விரல் மேலயும் அருவாளை வச்சு ஒரு தடவை கேட்டிருக்கானுங்க. கடைசியில மணிக்கட்டோட ஒரே வெட்டு.

அப்போதான் சொல்லியிருக்காரு. மலை வழின்னு.

"அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக்கினு இருந்தாங்கப்பா"ன்னாங்க ரம்ஜான் பீவி. "பாங்கு சத்தத்துல அவரு சத்தம் அடங்கிப் போச்சு. முடிஞ்சப்புறம் கேட்டா ஒண்ணும் இல்ல. அவ்ளோதான். நாலேகால் இருக்கும்."

நாலேகால்.

நான் சுவர்ல சாஞ்சு உட்கார்ந்தேன். தோள் எரிஞ்சது.

"அவரை எடுத்தாங்க, கழுவினாங்க, பொதைச்சாங்க"ன்னாங்க. "கை மட்டும் கெடைக்கலப்பா."

போலீஸ் தேடியிருக்கு. வைஸ் கீழே, சாக்கடை, எண்ணெய்த் தொட்டி, எல்லா இடமும். நாய் தூக்கிக்கினு போயிடிச்சுன்னு எழுதி முடிச்சுட்டாங்க. மூடின ஷட்டருக்குள்ள நாய் எப்படிப் பூந்ததுன்னு நான் கேட்டேன். இன்னிக்கு வரைக்கும் அந்தக் கை கிடைக்கலை.

தம்பி இருக்கான். பேரப்புள்ளைங்களோட இருக்கான். அன்னிக்கு என்ன நடந்ததுன்னு அவனுக்கு ஞாபகம் இல்லைன்னு சொல்றான். ஆனா என் வண்டியில மட்டும் ஏற மாட்டான்.

வேங்கை என்கிட்டதான் இருக்கு. உதிரி பாகம் எங்கேயும் கிடைக்காது, நானே கடைஞ்சு போட்டுக்கறேன். சாயங்காலத்துல சங்கராபுரம் ரோட்டுல ஒரு சுத்து போவேன். பின்னாடி யாரையும் ஏத்த மாட்டேன். லிஃப்ட் கேட்டுக் கையைக் காட்டினா இடம் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிடுவேன். காலி சீட்டைப் பார்த்துட்டுத் திட்டுறவன் திட்டட்டும்.

ஒரு தட்டு விழுந்தா முறுக்குவேன். ரெண்டு விழுந்தா நிறுத்துவேன்.

திரும்பிப் பார்க்க மாட்டேன்.